மைக் இல்லாத கச்சேரி

(மார்கழி மாதம் நம் குடியிருப்பின் பொது அரங்கில் நடந்த நால்வர் இசை நிகழ்ச்சிக்கு முன், குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னும் கொஞ்ச நேரத்தில் நான்கு இளைஞர்கள் இந்த நாற்காலிகளில் உட்கார்ந்து வாசிக்கப் போகிறார்கள். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. காலையிலிருந்து பலர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள், "மைக்செட் வரலையா?" என்று. வரவில்லை. வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறோம். அது ஏன் என்று சொல்லத்தான் செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்.

இதை ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்பார்கள். வீட்டுக் கூடத்தில், பத்து இருபது பேர் கேட்பதற்கென்று பிறந்த இசை. வியன்னாப் பக்கம் 1700களின் பிற்பகுதியில் ஜோசப் ஹைடன் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எதிரே குச்சி பிடித்து ஒருவர் நிற்பாரே, இங்கே அவர் கிடையாது. எப்போது தொடங்குவது, எங்கே மெதுவாகப் போவது என்பதெல்லாம் கண் ஜாடையிலும் மூச்சிலும்தான் நடக்கும். முன்வரிசையில் இருப்பவர்கள் கவனித்தால், வாசிப்பதற்கு முன் அவர்கள் சேர்ந்து மூச்சு இழுப்பதே கேட்கும். ஸ்பீக்கர் வைத்தால் அது போய்விடும்.

நான் இடைசெவல்காரன். எங்கள் ஊர் என்றதும் கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்று இரண்டு எழுத்தாளர்களைச் சொல்வீர்கள். இருவரும் இசைப் பைத்தியங்கள் என்பது பலருக்குத் தெரியாது. கி.ரா., விளாத்திகுளம் சுவாமிகளிடம் பாட்டுப் படித்தவர். அழகிரிசாமி நண்பருக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்திருக்கின்றன. அதில் சங்கீதப் பேச்சு நிறைய இருக்கும். கரிசல் காட்டில் மழை தப்பும், பருத்தி தப்பும். பாட்டுக் கேட்பது மட்டும் தப்பியதில்லை. இதே கோவில்பட்டியில்தான் காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்து, 1964இல் மறைந்தார். அவர் நாகஸ்வரம் வீதிக்கானது, தேரோடும் தெரு முழுக்கக் கேட்க வேண்டியது. இன்று கேட்கப்போவது அதற்கு நேர் எதிர். காதை நாம்தான் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும்.

"இது வெள்ளைக்காரன் சங்கீதம், நமக்குப் புரியுமா?" என்று நினைக்க வேண்டாம். வயலினுக்கும் நம் சீமைக்கும் பழைய உறவு உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், மணலியில் இருந்த காலத்தில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டவர். கர்நாடக இசைக்கு அந்தக் கருவியைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். அவர் பிறகு எட்டயபுரம் அரண்மனையில் ஆஸ்தான வித்வானாக இருந்தார். நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வரும் எட்டயபுரம்தான். முத்துசுவாமி தீட்சிதரும் கடைசியில் அங்கேதான் வந்து, 1835 தீபாவளி அன்று காலமானார்.

இன்னொரு விசேஷமும் உண்டு. சென்னைக் கோட்டையில் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் ஒன்று, இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. அதே பாட்டை லண்டன் போன ஹைடனும் கேட்டார். நம் தேசத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டு, 1797இல் பேரரசருக்காக ஒரு வாழ்த்து மெட்டு போட்டார். அந்த மெட்டைத்தான் இன்று கேட்கப் போகிறோம், 'எம்பரர்' என்று பெயர் பெற்ற குவார்ட்டெட்டின் இரண்டாம் பகுதியில். பிற்காலத்தில் ஜெர்மனியின் தேசிய கீதத்துக்கும் அதே மெட்டு வந்து சேர்ந்தது.

அந்த இரண்டாம் பகுதியைக் கேட்க ஒரு வழி சொல்கிறேன். மெட்டு மாறவே மாறாது. அதைத் தூக்கிக்கொண்டு போகும் ஆள்தான் மாறுவார். முதலில் முதல் வயலின் வாசிக்கும். அடுத்து இரண்டாம் வயலின் மெட்டை வாங்கிக்கொள்ளும். முதல் வயலின் அதைச் சுற்றிச் சுற்றி ஓடும். மற்ற இருவரும் சும்மா இருப்பார்கள். பிறகு செல்லோ, அதன்பின் வயோலா. கடைசியில் மறுபடி முதல் வயலின். மெட்டு இப்போது யார் கையில் என்று பார்த்துக்கொண்டே இருங்கள். அது போதும்.

நம் ராகங்களையும் இப்படி நால்வராக வாசிக்க முடியும் என்று காட்டியவர், இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' இசைத்தட்டில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன். அவர் தொடங்கிய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட், தியாகராஜர் கீர்த்தனைகளை இரண்டு வயலின், வயோலா, செல்லோவில் தந்திருக்கிறது. வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

இப்போது நம் விஷயம். போன பொதுக்குழுவில் ஒரு புகார் வந்தது. ஒரு குழந்தை வயலின் பழகுகிற சத்தம் தாங்கவில்லை என்று. புகார் சொன்னவர் மேல் தப்பில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறவருக்கு அது கஷ்டம்தான். முதல் இரண்டு வருஷம் வயலின், எண்ணெய் போடாத கதவு மாதிரிதான் கத்தும். ஆனால் இங்கே உட்காரப் போகும் நால்வரும் அந்தக் கதவுச் சத்தத்தைத் தாண்டி வந்தவர்கள். அப்போது அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் "நிறுத்து" என்று சொல்லியிருந்தால் இன்று நமக்குக் கச்சேரி இல்லை.

புகாருக்குப் பிறகு அந்தக் குழந்தை ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வில்லை அழுத்தாமல், பயந்து பயந்து வாசிக்கிறது. அப்படிப் பழகினால் கை வராது. அதனால் ஒரு யோசனை. மாலை 5 முதல் 7 வரை எந்த பிளாட்டிலும் குழந்தைகள் தாராளமாகப் பழகட்டும். காலையில் பழக வேண்டியவர்களுக்கு இந்த அரங்கைத் திறந்துவிடலாம். மற்ற நேரம் தூங்குகிறவர்களுக்கு. இதை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்கப் போகிறேன். உங்கள் ஆதரவு வேண்டும்.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள். செல்போனை அணைத்துவிடுங்கள். குவார்ட்டெட்டில் நான்கு பகுதிகள் உண்டு. நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுவார்கள். அப்போது கைதட்ட வேண்டாம். நான்கும் முடிந்தபின் சேர்த்துத் தட்டுவோம். போர் மோட்டாரை ஏழரை வரை போட வேண்டாம் என்று வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது. தண்ணீர் கொஞ்சம் தாமதமாக ஏறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி அவர்கள் வாசிக்கட்டும்.