லண்டனிலிருந்து பாரிஸுக்கு

இன்று உங்களை லண்டனிலிருந்து பாரிஸுக்கு அழைத்துப் போகிறேன். நேர்கோட்டில் அளந்தால் சுமார் 344 கிலோமீட்டர். விமானச் சீட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருக்கும்.

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஏறி உட்கார்ந்ததும் பறந்துவிட மாட்டோம். விமானம் மெல்ல ஊர்ந்து, ஓடுபாதையில் தன் முறைக்குக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பும் ஒன்றேகால் மணியில் அடக்கம். மேலே எழும்பிவிட்டால் முக்கால் மணி, ஐம்பது நிமிடம், அவ்வளவுதான்.

ஜன்னலோர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். இங்கிலாந்தின் தென்கரை முடியும் இடத்தில் வெள்ளை வெளேரென்று சுண்ணப்பாறைகள் செங்குத்தாக நிற்கும். பிறகு கடல். ஏறத்தாழ பத்து நிமிடத்தில் பிரான்ஸின் கரை வந்துவிடும். அங்கேயும் அதே வெள்ளைப் பாறை! ஒரு காலத்தில் இரண்டும் ஒரே நிலமாக இருந்து பிரிந்தவை.

இறங்கியதும் கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டும். பாரிஸ் ஒரு மணி முன்னே ஓடுகிறது. லண்டனில் காலை 9 மணிக்குக் கிளம்பினால், இறங்கும்போது அங்கே 11.15. திரும்பும்போது பாரிஸில் 9 மணிக்குக் கிளம்பினால், லண்டனில் 9.15தான் ஆகியிருக்கும்.

இந்த வழிக்கு நூறாண்டு தாண்டிய வரலாறு உண்டு. 1919 ஆகஸ்ட் 25 அன்று லண்டனுக்கு மேற்கே ஹவுன்ஸ்லோவிலிருந்து பாரிஸுக்குத் தினசரி விமான சேவை தொடங்கியது. முதல் விமானத்தில் ஒரே ஒரு பயணி. கூடவே செய்தித்தாள்களும், டெவன் ஊர்ப் பாலாடையும், வேட்டைப் பறவைகளும் போயின. பாரிஸின் லெ பூர்ஜே விமானத்தளம் போய்ச் சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பிடித்தது.

இன்று பறக்கும் நேரம் அதில் பாதிகூட இல்லை. ஆனால் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். ஹீத்ரோ லண்டனின் மேற்கு ஓரம்; பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையமோ நகரத்துக்கு வடகிழக்கே 25 கிலோமீட்டர். சோதனை, பெட்டி, நகரத்துக்கு வரும் ரயில் எல்லாம் சேர்ந்தால் நாலைந்து மணி நேரமாகிவிடும். அதனால்தான் 1994இல் இரு நாடுகளையும் இணைக்கும் கடலடி ரயில் சுரங்கம் திறந்த பிறகு பலர் ரயிலுக்கு மாறினார்கள். சுரங்கம் 50 கிலோமீட்டர். அதில் 38 கடலுக்கு அடியில். லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் ஏறினால் இரண்டேகால் மணியில் பாரிஸ் நகரத்துக்குள், கார் து நோர் நிலையத்தில் இறங்கலாம்.

அங்கிருந்து சற்றே நடந்தால் லாச்சப்பல். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. பெயர்ப்பலகையெல்லாம் தமிழ், கடைக்குள்ளே முருங்கைக்காயும் கறிவேப்பிலையும். அருகில் மாணிக்க விநாயகர் ஆலயம். கோடை முடிவில் தேர் இழுப்பார்கள். பாரிஸ் வீதியிலே தேங்காய் உடைபடும்.

அக்கா லண்டனிலும் தம்பி பாரிஸிலுமாக வாழும் குடும்பங்கள் அங்கே ஏராளம். சொந்த ஊரிலே பக்கத்துத் தெருக்களில் இருந்திருக்க வேண்டியவர்கள். தேரன்று அதிகாலையிலேயே லண்டனில் கிளம்பிவிட்டால், வடம் பிடிக்கும் நேரத்துக்கு அக்கா வந்து சேர்ந்துவிடலாம். அடுத்த முறை நீங்கள் பாரிஸ் போனால், அந்தத் தேரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.