கிரிப்டோ நாணயமும் இலண்டன் வரியும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வல்வெட்டித்துறையில் வெளிநாட்டு உறவில்லாத வீடு அரிது. அண்ணன் இலண்டனில் இருப்பான்; தம்பி ஜேர்மனியில் இருப்பான். இருவரும் ஊர்ப்புதினத்தோடு கிரிப்டோ நாணயத்தையும் பேசிக்கொள்கின்றனர். தொல்லை அங்கேதான் தொடங்குகின்றது.

ஜேர்மனியில் தனியாள் ஒருவர் பிட்கொயினை வாங்கி, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் இலாபத்துக்கு வரியில்லை. தம்பியின் இச்சொல்லை அண்ணன் இலண்டனில் நம்பினால் அகப்பட்டுக்கொள்வான். பிரித்தானியாவில் எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் அச்சலுகையில்லை. அவ்வரசு கிரிப்டோவைப் பணமாகக் கொள்வதில்லை. பங்கு போன்ற உடைமையாகவே கொள்கின்றது. ஆகவே மூலதன இலாப வரி உண்டு.

ஒரு நாணயத்தைக் கொடுத்து வேறொன்றை வாங்குவதும் அங்கே விற்பனைதான். "கையில் ஒரு சதமும் வரவில்லையே" என்பர் பலர். கணக்கைப் பாருங்கள். 2,000 பவுணுக்கு வாங்கிய பிட்கொயின் 9,000 பவுண் பெறும் நாளில் ஒருவர் அதனை ஈதராக மாற்றுகிறார். இலாபம் 7,000. ஆண்டு விலக்கு 2022-23இல் 12,300 பவுணாக இருந்தது; 2024-25 முதல் 3,000 மாத்திரமே. வேறு இலாபம் இல்லையாயின், மிகுதி 4,000க்கு வரி. 2024 ஒக்டோபர் 30இல் வந்த வீதம், வருமானம் குறைந்தவருக்கு நூற்றுக்கு 18, கூடியவருக்கு 24. அதாவது 720 அல்லது 960 பவுண். வரியாண்டு கடந்தபின் ஈதர் பாதியாய் விழுந்தாலும் இவ்வரி நிற்கும். கடுமையான விதிதான். விழுந்ததை விற்று நட்டத்தைப் பதிந்தால் பின்வரும் இலாபத்தில் கழிக்கலாம். முந்திய ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது.

"தங்கையின் பேருக்கு மாற்றிவிட்டால் என்ன?" என்று நம்மவர் கேட்பர், காணி உறுதி எழுதிய பழக்கம்! சேர்ந்து வாழும் கணவன் மனைவிக்குக் கொடுத்தால் அப்போது வரியில்லை. தங்கைக்குக் கொடுத்தால், அன்றைய சந்தை விலைக்கு விற்றதாகவே கணக்கு.

மறைக்கலாமென எண்ணுவோரும் உளர். 2026 ஜனவரி 1 முதல் அங்குள்ள நாணயமாற்று நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கொடுக்கல் வாங்கல் விபரங்களைத் திரட்டவேண்டும். வரித் திணைக்களத்துக்கு முதல் அறிக்கை சேரவேண்டிய கடைசி நாள் 2027 மே 31.

வரியாண்டு ஏப்பிரல் 5இல் முடிகின்றது. புதிதாய்ப் படிவம் நிரப்புவோர் ஒக்டோபர் 5க்குள் பதிந்து, அடுத்த ஜனவரி 31க்குள் இணையவழியே கணக்குக் காட்டிப் பணமும் கட்டவேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் திகதி, அளவு, அன்றைய பவுண் விலை, தரகு ஆகியவற்றை அவரவரே குறித்து வைக்கவேண்டும். நிறுவனத்தின் ஏட்டை நம்பியிருத்தல் ஆகாது, எவ்.ரி.எக்ஸ் என்னும் பெரிய நிறுவனமே 2022 நவம்பரில் முறிந்தது.