நீக்கும் அதிகாரமும் காரணம் கூறும் கடமையும்



தொழில்நுட்பம் பற்றி வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் வகுப்பறைகளிலும் அன்றாடம் கேட்கப்படும் கருத்துகளுள் மூன்று எல்லோர் வாயிலும் வருபவை. இணையத்தில் கிடைப்பது எல்லோருக்கும் சொந்தம் என்பது ஒன்று. ஒளிக்க ஏதும் இல்லாதவருக்கு அந்தரங்கம் எதற்கு என்பது இரண்டாவது. தவறான பதிவை நீக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பது மூன்றாவது. முதற்கருத்து பதிப்புரிமையைத் தொடுகிறது. ஒரு படைப்பை நகலெடுக்கவும் வெளியிடவும் தழுவவும் படைத்தவருக்குக் குறிப்பிட்ட காலம்வரை சட்டம் ஒதுக்கித் தரும் உரிமையே பதிப்புரிமை. இரண்டாம் கருத்து, தன்னைப் பற்றிய செய்தி யாரிடம், எவ்வளவு, எதுவரை இருக்கலாம் என்பதை ஒருவர் தாமே முடிவுசெய்யும் அந்தரங்க உரிமையைத் தொடுகிறது. மூன்றாம் கருத்து மட்டுறுத்தலைப் பற்றியது. பயனர்கள் இடும் பதிவுகளுள் எதை விடுவது, எதை மறைப்பது, எதை அழிப்பது என ஒரு தளம் முடிவெடுக்கும் பணிக்குத் தமிழ் இணையத்தார் இட்ட பெயர் அது. இம்மூன்றும் வெவ்வேறு துறைகளாகப் பாடத்திட்டத்தில் பிரிந்து கிடந்தாலும் நடைமுறையில் ஒரே செயலில் வந்து முடிகின்றன: ஏதோ ஒன்று நீக்கப்படுகிறது. யார் கேட்டு, யார் ஆராய்ந்து, என்ன காரணம் சொல்லி, எவ்வளவு நீக்கப்பட்டது என்ற கேள்விகளுக்கு விடையின்றி நடக்கும் நீக்கம், நோக்கம் எத்துணை நல்லதாயினும், அநீதியாகவே முடியும் என்பதே இவ்வுரையின் நிலைப்பாடு.

சென்னையிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. '3' என்னும் தமிழ்த் திரைப்படம் 2012 மார்ச்சில் திரைக்கு வந்தபோது, அது திருட்டுத்தனமாக இணையத்தில் பரவுவதைத் தடுக்கக் கோரித் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. யார் திருடப்போகிறார் என்று முன்கூட்டித் தெரியாத நிலையில், பெயரறியாத எதிர்மனுதாரருக்கு எதிராகவும் தடை பெறுவதற்கு ஒரு வழக்காற்று முறை உண்டு. அப்பெயரறியாதவருக்கு இந்திய நீதிமன்றங்களில் 'அசோக் குமார்' என்று ஒரு பொதுப்பெயர் இடப்படுவதால் அதை அசோக் குமார் ஆணை என்பர். அவ்வகை ஆணை கிடைத்ததும், இணையச் சேவை நிறுவனங்கள் படம் இருந்த பக்கங்களைத் தேடிப் பார்த்து மூடாமல், அவ்வாண்டு மே மாதத்தில் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின், பைரேட் பே முதலிய தளங்களை முழுமையாகவே மூடிவிட்டன. விமியோ என்பது குறும்பட இயக்குநர்களும் ஆவணப்பட இயக்குநர்களும் தம் சொந்தப் படைப்புகளை வைத்திருக்கும் இடம். பேஸ்ட்பின் நிரலாளர்கள் எழுத்துத் துணுக்குகளைப் பகிரும் இடம். ஒரு படைப்பாளியின் உரிமையைக் காக்க எழுந்த ஆணை, வழக்கோடு எத்தொடர்பும் இல்லாத வேறு பல படைப்பாளிகளின் வாயிலை அடைத்தது. அவர்களுள் எவரும் அறிவிப்புப் பெறவில்லை, எவரிடமும் விளக்கம் கேட்கப்படவும் இல்லை. சேவை நிறுவனங்கள் தெளிவுரை கேட்டு மீண்டும் நீதிமன்றம் சென்ற பிறகே, 2012 ஜூன் 22 அன்று, திருட்டுப்படம் வைக்கப்பட்டுள்ள குறிப்பிட்ட இணைய முகவரிக்கு மட்டுமே தடை பொருந்தும், முழுத் தளத்துக்கும் பொருந்தாது என்றும், அம்முகவரிகளை மனுதாரரே எடுத்துக் கொடுக்க, 48 மணி நேரத்துக்குள் அவை மூடப்பட வேண்டும் என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இத்தெளிவுரையின் சிறப்பு, உழைப்பின் சுமையை அது வைத்த இடத்தில் இருக்கிறது. எது நீக்கப்பட வேண்டும் என்று தேடிச் சுட்டிக்காட்டும் பொறுப்பு, நீக்கம் கேட்பவருக்கு உரியதாயிற்று. அதற்காகத் திரைத்துறையின் முறையீட்டைச் சிறிதாக மதிப்பது தகாது; ஒரு படத்தின் வசூல் பெரிதும் முதல் சில நாள்களில் அமைந்துவிடுகையில், முதற்காட்சி முடியுமுன் திரையரங்கப் பதிவு வெளிவருவது ஒளிப்பதிவு உதவியாளர் முதல் உணவு பரிமாறுபவர் வரை பலரது அடுத்த வேலையைப் பாதிக்கும் உண்மையான இழப்பாகும். மூடிய தளம் பெயரை மாற்றிக்கொண்டு மறுநாளே திறப்பதால், அத்தகைய நிழல் தளங்களுக்கும் பழைய ஆணையையே நீட்டிக்கும் முறையை டெல்லி உயர் நீதிமன்றம் 2019இல் வகுத்தது. அரங்கில் படத்தைப் பதிவுசெய்வோருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என 2023ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத் திருத்தமும் கூறுகிறது. இவற்றின் தேவை விளங்கக்கூடியதே. ஆணை தானாக நீளும் இடங்களில் மூடப்பட்டவரின் குரல் கேட்கும் வாயிலும் கூடவே நீளவேண்டும் என்பதையே வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதிப்புரிமை எல்லையற்ற உடைமை என்று கருதுவோருக்கு, இந்தப் பட்டமளிப்பு அரங்கில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு மாணவரும் வரிசையில் நின்ற ஜெராக்ஸ் கடையே மறுமொழி. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த அத்தகைய ஒரு கடையின் மீது, பல நூல்களின் இயல்களைத் தொகுத்து மாணவருக்குப் பாடத்தொகுப்பாக விற்றது குற்றம் என்று ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. கற்பித்தலின் பொருட்டு எடுக்கப்படும் நகலுக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்களிப்பதைச் சுட்டி, 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு சில செய்திகளை மட்டும் விசாரணைக்கு அனுப்பினாலும் அடிப்படைக் கோட்பாட்டை ஏற்றது. மறு ஆண்டு பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. விலக்கு என்பது உரிமையாளர் இரக்கப்பட்டு விட்டுக்கொடுப்பதன்று, சட்டம் உரிமையை வரையறுக்கும்போதே பொதுமக்களுக்காக ஒதுக்கிவைத்த பங்கு என்னும் பார்வை இத்தீர்ப்பினால் வலுப்பெற்றது.

தமிழுக்கு இப்பார்வை புதிதன்று. பாரதியின் படைப்புகள் மீதான உரிமை அவர் மறைவுக்குப் பின் பலர் கைக்குப் போய், பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஒரு திரைப்பட நிறுவனத்திடம் இருந்த காலத்தில், அவை மக்களுக்கு உரியவை என்ற இயக்கம் எழுந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமையைப் பெற்று, பின்னர் எவரும் வெளியிடலாம் என்று பொதுவாக்கியது. வங்கத்தில் நடந்ததோ வேறு. 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகளுக்கு அன்றிருந்த ஐம்பதாண்டுக் காலவரம்பு முடியும் தறுவாயில், விசுவபாரதிப் பல்கலைக்கழகத்திடம் இருந்த உரிமை தொடரும்படி, 1992இல் இந்தியாவின் எல்லாப் படைப்புகளுக்கும் அவ்வரம்பு அறுபதாண்டாக நீட்டப்பட்டது. ஒரு மொழி தன் பெருங்கவிஞனைப் பொதுவில் வைத்தது. இன்னொரு மொழியின் பெருங்கவிஞனுக்காக ஒரு நாட்டின் பொதுவெளியே பத்தாண்டு தள்ளிப்போயிற்று. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக உலகுக்கு அளிக்க முடிந்ததற்கும், உரிமைக்காலம் கடந்த நூல்களும் நாட்டுடைமையான நூல்களும் அம்மொழிக்கு இருந்ததே அடித்தளம்.

அந்தரங்கம் பற்றிய வினா இதைவிடக் கடினமானது, ஏனெனில் அதில் இருபுறமும் நியாயம் நிற்கிறது. தூக்குத்தண்டனை பெற்றிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது சிறைத்துறை அதிகாரிகள் தடுக்க முயன்றதால் எழுந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1994இல் இரண்டு முடிவுகளை ஒருங்கே கூறியது: ஒவ்வொருவருக்கும் பிறர் தலையீடின்றி இருக்கும் உரிமை உண்டு, ஆயினும் நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களின் அடிப்படையில் எழுதப்படுவதை அவ்வுரிமை தடுக்காது, பாலியல் வன்கொடுமை போன்ற குற்றங்களுக்கு இலக்கான பெண்களின் பெயருக்கு மட்டும் அதில் விலக்கு. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தனர்.

இந்த இரண்டு தீர்ப்புகளும் சென்னையிலேயே நேருக்கு நேர் வந்து நின்றன. ஒரு குற்ற வழக்கில் மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர், தம் பெயரைத் தேடுபவர் கண்ணில் இன்றும் குற்றச்சாட்டே முதலில் படுகிறது என்று கூறி, இணையத்தில் உள்ள தீர்ப்பிலிருந்து தம் பெயரை மறைக்கக் கோரினார். உரிய சட்ட வரையறை இல்லாத நிலையில் அவ்வாறு ஆணையிட இயலாது என்று 2021இல் தனி நீதிபதி மறுத்தார்; 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்கவும், தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் இணையதளம் அப்பிரதியை நீக்கவும் ஆணையிட்டது; அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நீதிமன்றக் கதவு திறந்திருந்தால்தான் நீதி நடப்பது தெரியும் என்பதும் உண்மை. பழங்காலத்தில் தீர்ப்புக் கட்டுகள் ஆவண அறையின் தூசியில் கிடக்க, விடுதலையானவர் ஊர் மாறி வாழ முடிந்தது, தேடுபொறி அந்த மறதியை இல்லாமல் செய்துவிட்டது என்பதும் உண்மை. தீர்ப்பை அப்படியே வைத்து, குற்றமற்றவர் என முடிவான ஒருவரின் பெயரை மட்டும் மறைப்பது தீர்ப்பின் சட்டத் தருக்கத்துக்கு எவ்வித இழப்பும் தராது. ஆகவே அங்கு நீக்கப்பட வேண்டியது பெயரேயன்றித் தீர்ப்பன்று. '3' வழக்கில் முகவரி அளவுக்குச் சுருங்கிய ஆணையின் அதே அளவுகோல் இங்கும் பொருந்துகிறது. ஒளிக்க ஏதும் இல்லாதவருக்கு அந்தரங்கம் எதற்கு என்று கேட்போர், ஒளிக்க ஏதும் இல்லை என்று நீதிமன்றமே சொன்ன பிறகும் அவதிப்படும் மனிதரை ஒருகணம் எண்ணிப்பார்ப்பது நலம்.

அரசு நேரடியாகத் தலையிடும் இடங்களில் சிக்கல் வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவு, எரிச்சலூட்டும் செய்தி அனுப்புவதையும் குற்றமாக்கியிருந்தது. புதுச்சேரியில் ஒரு சிறு ட்விட்டர் கீச்சுக்காகக்கூட ஒருவர் கைதான நிலையில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாததாக்கியது. அதே தீர்ப்பு, தளத்தை மூடச்செய்யும் 69அ பிரிவை நிலைநிறுத்தியது. அப்பிரிவின் கீழ் 2009இல் ஆன விதிகளுள் 16ஆவது, புகாரும் நடவடிக்கையும் கண்டிப்பாக இரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. காரணம் தெரியாத ஆணையை எதிர்த்து எவரும் வாதாட இயலாது. சட்டம் படித்து இன்று பட்டம் பெறுவோர் வாழ்நாளில் மாற்றப்பட வேண்டிய விதி இது.

மட்டுறுத்தலில் காரணம் மட்டுமன்றி மொழியும் பண்பாடும் சேர்ந்து தேவைப்படுகின்றன. வியட்நாமில் 1972இல் எரிகுண்டுக்குத் தப்பி ஆடையின்றி ஓடிவரும் சிறுமியின் புகழ்பெற்ற ஒளிப்படத்தை, குழந்தையின் நிர்வாணம் என்ற விதியைக் காட்டி 2016இல் பேஸ்புக் நீக்கியது. நார்வே எழுத்தாளர் ஒருவர் இட்டபோதும் நீக்கியது, அந்நாட்டுப் பிரதமர் எர்னா சோல்பெர்க் இட்டபோதும் நீக்கியது. ஆஃப்டன்போஸ்டன் நாளிதழ் முதற்பக்கத்தில் கண்டனக் கடிதம் வெளியிட்ட பின்னரே படம் மீண்டது. ஒரு நாட்டின் பிரதமருக்கும் பெரிய நாளிதழுக்கும் கிடைத்த அந்தச் செவி, ஒரு நெசவாளருக்கோ கல்லூரி மாணவிக்கோ எளிதில் கிடைப்பதில்லை. மிகையாக நீக்குவது ஒரு தீங்கென்றால், நீக்க வேண்டியதை விட்டுவைப்பது உயிரைப் பறிக்கும் தீங்கு. 2018 மார்ச்சில் இலங்கையின் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை எழுந்தபோது, சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகளைக் கண்டறியும் அளவுக்கு அம்மொழி அறிந்தவர் தளத்தில் இல்லாமை வெளிப்பட்டது. அரசு பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் சில நாள்கள் மூடியது. 2020இல் பேஸ்புக் அதற்காக மன்னிப்புக் கேட்டது. பதிவுகளைச் சல்லடையிடும் பொறிகள் பெரிதும் ஆங்கிலத்தில் பயின்றவை; ஒரே சொல் வேற்றுமை உருபும் விகுதியும் ஏற்று எத்தனையோ வடிவெடுக்கும் தமிழில், அதிலும் உரோமன் எழுத்தில் தட்டச்சிடப்படும் பேச்சுத் தமிழில், வசவையும் செல்லப் பேச்சையும், சாதி இழிவையும் அவ்விழிவை எதிர்க்கும் கட்டுரையில் மேற்கோளாக வரும் அதே சொல்லையும் பிரித்தறிவது கணினி அறிந்தவரும் தமிழறிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்ய வேண்டிய வேலை. மொழியியல் துறையிலும் கணினித் துறையிலும் இன்று பட்டம் பெறுவோருக்குக் காத்திருக்கும் மிகப் பெரிய பணி இதுவாகும்.

காரணமும் மொழியும் சேர்ந்த மட்டுறுத்தலுக்குச் சட்டத்தில் ஒரு பிடிமானம் ஏற்கெனவே கிடைத்துள்ளது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், புகாரை 24 மணி நேரத்துக்குள் ஏற்றுக் குறித்த காலத்துக்குள் தீர்க்கும் குறைதீர் அலுவலர் ஒருவரைத் தளங்கள் அமர்த்த வேண்டும் என்கின்றன; அவர் முடிவில் குறைகாண்போர் 30 நாள்களுக்குள் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம் என்று 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. அதே திருத்தம், தளத்தின் விதிமுறைகளை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளுள் பயனர் விரும்பும் ஒன்றிலோ தர வேண்டும் என்கிறது. தமிழ் அவ்வட்டவணையில் உள்ள மொழி. பொறி மொழிபெயர்த்த புரியாத தமிழில் ஒரு விதித்தாளை ஒட்டிவைத்தால் அவ்விதி நிறைவேறியதாகாது. எந்தப் பதிவு, எந்த விதியால், யார் புகாரால் நீக்கப்பட்டது, எங்கே, எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்பதை, பள்ளிப் படிப்போடு நின்ற ஒரு கடைக்காரர் பிறர் துணையின்றிப் படித்துணரும் தமிழில் எழுதிய நீக்க அறிவிப்பு ஒன்று இனித்தான் உருவாக வேண்டும். அதை எழுதத் தேவையான சட்டமும் நிரலும் தமிழும் இந்த அரங்கில் வெவ்வேறு வரிசைகளில் அமர்ந்திருக்கின்றன.