மூளைப் படமும் வருங்கால இயலாமையும்

(மாணவர்களும் அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்றோர்க்கு முன்கணிப்பு புதிதன்று. மழை, விளைச்சல், விலைவாசி ஆகியவற்றை முன்கூட்டி மதிப்பிட்டே திட்டங்கள் தீட்டப்படுகின்றன. ஒருவருடைய மூளையைப் படமெடுத்து, பத்தாண்டுகளுக்குப் பின் அவர் ஊன்றுகோலின்றி நடப்பாரா என்று கூற இயலுமா என்ற வினாவும் அத்தகையதே.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயில், உடலைக் காக்க வேண்டிய தற்காப்பு ஆற்றலே நரம்பிழைகளின் மேலுறையாகிய மயலினைத் தாக்குகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் பல இடங்களில் வடுக்கள் உண்டாகின்றன. பெரும்பாலும் 20 முதல் 40 வயதிற்குள், ஆண்களைவிடப் பெண்களிடையே மிகுதியாக, இந்நோய் தொடங்குகிறது. உழைப்பும் வருவாயும் பெருக வேண்டிய பருவம் அது. ஆதலின் இது மருத்துவப் பிரச்சினையாக மட்டுமன்றி மனிதவளப் பிரச்சினையாகவும் உள்ளது.

1981இல் லண்டனில் இந்நோயாளரைக் காந்த அதிர்வு முறையில், அதாவது எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுத்தபோது, சி.டி. படத்தில் புலப்படாத வடுக்கள் பல தெரியவந்தன. பின்னர், நோயின் முதல் அறிகுறி மட்டுமே கண்ட 71 பேரை அந்நகர ஆய்வாளர்கள் 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002இல் முடிவை வெளியிட்டனர். தொடக்கப் படத்தில் வடுக்கள் இருந்தவர்களில் 88 சதவிகிதத்தினருக்கு நோய் உறுதியாயிற்று. படம் இயல்பாக இருந்தவர்களில் இது 19 சதவிகிதமே.

ஆயினும், நோய் வருமா என்பது ஒரு வினா. இயலாமை எவ்வளவு என்பது வேறு வினா. இயலாமையை அளக்க 0 முதல் 10 வரையிலான அளவுகோல் ஒன்றை மருத்துவர் கர்ட்ஸ்கி 1983இல் வகுத்தார். அதில் 6 என்பது, ஏறத்தாழ 100 மீட்டர் நடப்பதற்கே ஊன்றுகோல் தேவைப்படும் நிலை. முதல் ஐந்தாண்டுகளில் வடுக்களின் பரிமாணம் பெருகியதற்கும் பிற்கால இயலாமைக்கும் நடுத்தரமான தொடர்பே காணப்பட்டது. மூளையில் பல வடுக்கள் இருந்தும் நன்கு நடமாடுவோர் உண்டு. தண்டுவடத்தில் ஒரு சிறு வடுவால் கால் வலுவிழப்போரும் உண்டு. வடுக்களின் எண்ணிக்கையோடு அவை அமைந்துள்ள இடம், நரம்பிழைகளின் அழிவு, மூளையின் சுருக்கம், பழுதை ஈடுசெய்யும் மூளையின் திறன் ஆகியனவும் இதில் பங்கு கொள்கின்றன.

இதிலிருந்து நிர்வாகத்தினர் அறிய வேண்டுவது யாது? குழுவிற்குப் பொருந்தும் சராசரி, தனி மனிதருக்குத் தீர்ப்பாகாது. மேற்கூறிய ஆய்விலேயே, வடுக்கள் இருந்த 50 பேரில் 6 பேருக்கு 14 ஆண்டுகளாகியும் நோய் உறுதியாகவில்லை. ஒரு படத்தைக் காட்டி ஓர் இளம் பெண்ணுக்கு வேலையையோ பதவி உயர்வையோ மறுப்போமாயின், அறிவியல் சொல்லாத ஒன்றை அதன் பெயரால் செய்தவர்களாவோம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 வகை இயலாமைகளுள் இந்நோயும் ஒன்று. பணிக்காலத்தில் இயலாமை அடைந்த ஊழியரை அரசு நிறுவனம் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்தல் கூடாது என்றும், தம் பணிக்கு ஏற்றவராக இல்லையெனில் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்றும் அதன் 20ஆம் பிரிவு கூறுகிறது. இன்றைய இயலாமைக்கே இத்துணைப் பாதுகாப்பு உண்டெனில், நாளை வரக்கூடும் என்ற ஐயத்தைக் காரணமாக்கி ஒருவரை விலக்குவது எவ்வாறு நியாயமாகும்?

எனினும் முன்கணிப்பு பயனற்றதென்று பொருளல்ல. யாருக்குச் சிகிச்சையை விரைந்து தொடங்க வேண்டும், அது பலனளிக்கிறதா என்பவற்றை மருத்துவர் அறிய இப்படமே பெருந்துணை. ஆனால் படமெடுக்க வசதி செய்து, மருந்து எட்டாத விலையில் இருப்பின், நோயாளருக்குக் கிட்டுவது அச்சம் மட்டுமே. வறட்சி வருமென்று அறிவித்துவிட்டுத் தானியம் சேமிக்காதிருப்பதை யாரும் திட்டமிடல் என்று சொல்லமாட்டார்கள். கருவிக்கு ஒதுக்கும் நிதியோடு மருந்துக்கும் மறுவாழ்வுக்கும் நிதி ஒதுக்குவதே முறையான திட்டமிடலாகும்.