மூலமும் உரையும் ஓரிடத்தில்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நாவலர் சோமசுந்தர பாரதியார் வாழ்ந்த ஊர் பசுமலை. தொல்காப்பியப் பொருட்படலத்திற்கு அவர் கண்ட புத்துரையில் நூற்பாவும் உரையும் அடுத்தடுத்தே நிற்கின்றன. உரையை எங்கே வைப்பது என்னும் வினா இன்று கட்டற்ற மென்பொருள் ஆக்குவோர் முன்னும் நிற்கிறது. அவர்களுக்கு நிரலே மூலம். அதன் பயன்பாட்டையும் அமைப்பையும் சொல்லும் ஆவணமே உரை.

வழிகள் இரண்டு. ஒன்று, நிரல் உள்ள களஞ்சியத்திலேயே ஆவணத்தையும் வைப்பது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருநிரல் இவ்வழியது. நிரலைத் திருத்துவோர் அதனோடு விளக்கத்தையும் திருத்தலாம். பழைய பதிப்பை எடுப்பவர்க்கு அப்பதிப்பிற்குரிய விளக்கமே கிடைக்கும். மற்றொன்று, யாவரும் எழுதத்தக்க விக்கியில் தனியே வைப்பது. நிரல் அறியாத தமிழாசிரியரும் அங்கே பிழை களையலாம். இது சிறிய நன்மையன்று. ஆயின் நிரல் வளர, உரை பழையதாய்த் தங்கிவிடும். அத்தளம் மூடப்பட்டால் உரையும் உடன் மறையும்.

இத்தகைய இழப்பைத் தமிழ் அறியும். 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பழைய உரை 266 பாடல்கள் வரையே கிடைத்தது. எனினும் பாடியவர், பாடப்பட்டவர், திணை, துறை பற்றிய குறிப்புகள் பெரும்பாலான பாடல்களின் அடியிலேயே இருந்தமையால், ஏடு பிழைத்தபோது அவையும் பிழைத்தன. குறுந்தொகையிலோ இயற்பெயர் மறைந்து, பாடற்றொடராலேயே பெயர் பெற்ற செம்புலப்பெயனீரார் போன்ற புலவர் பலர் உளர்.

1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரை மின்தொகுப்புத் திட்டம் இப்பாடத்தை நன்கு உணர்ந்தது. தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் முதலானோர் பெயர்கள் ஒவ்வொரு மின்னூலின் முகப்பிலேயே இடம்பெறும். கோப்பை எவரும் பரப்பலாம்; அம்முகப்பைச் சிதைத்தலாகாது என்பதே நிபந்தனை. நூல் எத்தளத்திற்குப் பெயர்ந்தாலும் குறிப்பும் உடன் செல்லும்.

ஆகவே, உரையின் தாயகம் மூலத்தின் அருகே இருத்தல் வேண்டும். படிக்கும் இடங்கள் பலவாகலாம். களஞ்சியத்திலுள்ள ஒரே ஆவணத்திலிருந்து இணையப் பக்கமும் அச்சு நூலும் ஆக்கிக்கொள்ள இன்று கருவிகள் உள்ளன. ஆனால் களஞ்சியத்தின் கதவு நிரலாளர்க்கு மட்டும் திறப்பதாயின் தமிழ் விளக்கம் வளராது. புலவர் ஒருவர் தாளில் எழுதியனுப்பும் திருத்தத்தையும் ஏற்று, உரிய இடத்தில் சேர்ப்பவர் ஒருவரேனும் ஒவ்வொரு திட்டத்திலும் இருத்தல் வேண்டும்.

கவிஞர்க்கும் இது பொருந்தும். இவ்வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகள் கணினி ஏறும்போது, ஆசிரியர் பெயரும் எழுதிய ஆண்டும் அருஞ்சொற்பொருளும் தனிப் பட்டியலில் முடங்காமல், அந்தந்தக் கவிதையின் கோப்பிலேயே அமையட்டும். பட்டியல் தொலைந்தாலும் பாடியவர் பெயர் தொலையாது.