பிடித்த கை யாருடைய கை?

(உழவர்கரை பட்டிமன்றம். தலைப்பு: ‘நாட்டைக் காப்பது கருவியா? காவலரா?’ ‘காவலரே’ அணியில் பேசியது.)



எனக்கு முன்னால பேசின எதிரணித் தம்பி, கையில துப்பாக்கி இருக்கிற மாதிரியே பேசிட்டு உட்கார்ந்திருக்கார். அதுவும் சுவிட்சர்லாந்து துப்பாக்கி! நமக்கெல்லாம் சுவிட்சர்லாந்துன்னா கைக்கடிகாரம், சாக்லேட், அப்புறம் நம்ம கதாநாயகி பனியில நடுங்கிக்கிட்டே ஆடுற டூயட். (சிரிப்பு) அங்கே தூன் என்ற ஊரில்தான் இந்த எம்.பி.9 துப்பாக்கியைச் செய்கிறார்கள். எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. மடக்கினால் 30 சென்டிமீட்டர். பிள்ளைகளின் ஸ்கேல் அளவுதான். நம் தேசியப் பாதுகாப்புப் படையிடமும் அது இருக்கிறது. நிமிடத்துக்கு 900 குண்டு சுடும் என்று தம்பி பெருமைப்பட்டார். கணக்குப் போடுங்க. நொடிக்கு 15. முப்பது குண்டு போட்ட மகஜீன் இரண்டே நொடியில் காலி. முதல் தேதி சம்பளம் மாதிரி! (கைதட்டல்)

கேலி இருக்கட்டும். இந்தக் குட்டைத் துப்பாக்கிக்கு வேலை இல்லை என்று நான் சொல்லவில்லை. காருக்குள், நெரிசலுக்குள் நீள ரைபிளைத் திருப்ப முடியாது. ரைபிள் குண்டு ஒருவரைத் துளைத்துவிட்டுப் பின்னால் நிற்கிறவரையும் சாய்க்கும். இதில் போடுவது பிஸ்டலுக்குரிய 9 மில்லிமீட்டர் குண்டு. வேகம் குறைவு, அந்த ஆபத்தும் குறைவு. அதனால்தான் தலைவர்களைச் சுற்றி நிற்கிறவர்கள் கையில் இந்த வகையைக் கொடுக்கிறார்கள்.

அப்படிக் கொடுத்த ஒரு துப்பாக்கியைப் பற்றித்தான் நடுவர் அவர்களே, நான் கேட்கிறேன். 1984 அக்டோபர் 31, காலை நேரம். டெல்லி சப்தர்ஜங் சாலை வீட்டில் இந்திரா காந்தி அம்மையார் தோட்டத்து வழியே நடந்து வருகிறார். வாசலில் நின்ற காவலர்கள் இரண்டு பேர். ஒருவர் கையில் ரிவால்வர். இன்னொருவர் கையில் ஸ்டெர்லிங் கார்பைன். இதே இனம், இதே 9 மில்லிமீட்டர். திருட்டுத் துப்பாக்கியா? இல்லை. அவரைக் காப்பதற்காக அரசாங்கமே கொடுத்தது. பழுதா? அதுவும் இல்லை, ஒழுங்காகத்தான் சுட்டது. தம்பி, அந்தக் கருவியிடம் நீங்கள் என்ன குறை காண்பீர்கள்? (அரங்கம் அமைதி)

இப்போ பம்பாய்க்கு வாங்க. 2008 நவம்பர் 26 இரவு, கிர்காம் சௌபாத்தி. துக்காராம் ஓம்ப்ளே, உதவி சப்-இன்ஸ்பெக்டர். கையில் லத்தி. எதிரே கசாப், ஏ.கே. துப்பாக்கியோடு. ஓம்ப்ளே அந்தக் குழாயையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குண்டெல்லாம் அவர் உடம்பில் பாய்ந்தது. பிடியை விடவில்லை. அந்தக் கணத்தில்தான் மற்ற போலீஸ்காரர்கள் கசாப்பை உயிரோடு பிடித்தார்கள். வந்த பத்துப் பேரில் உயிரோடு பிடிபட்டவன் அவன் ஒருவன்தான். 2009-ல் ஓம்ப்ளேக்கு அசோக சக்ரா.

“அவருக்கு நல்ல துப்பாக்கி கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரே?” என்று அடுத்து வருகிறவர் கேட்பார். கேட்கட்டும். நானும் அதையேதான் கேட்கிறேன். லத்தியோடு அனுப்பியது யார்? அந்த முடிவை எடுத்தது துப்பாக்கியா, மனுஷனா?

சிவப்புத் தொப்பி போட்ட நம்ம புதுச்சேரி போலீஸ்காரர் ஒருத்தர் அதோ வாசல்ல நிக்கிறார். அவர் கையில என்ன இருக்குன்னு பார்த்துட்டா நீங்க எல்லாரும் நிம்மதியா உட்கார்ந்திருக்கீங்க? நடுவர் அவர்கள் மணியைத் தொட்டுவிட்டார். தீர்ப்பை அவரிடமே விடுகிறேன்.