கட்சி நிதியும் வாக்காளரின் அறியும் உரிமையும்

பணத்துக்கும் ஆட்சிக்கும் உள்ள உறவை ஆராயக் கூடியிருக்கும் இந்த அவையில், ஒரே ஒரு கருத்தை நிறுவ முயல்கிறேன். ஊழலைப் பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் சட்டத்தை மீறிக் கைமாறும் பணத்தையே தேடிச் செல்கின்றன. பெருநிறுவனங்களின் செல்வாக்கில் மிக ஆழமானதோ, சட்டத்தைத் திருத்திக்கொண்டு, சட்டப்படியே ஆட்சிக்குள் நுழைகிறது. வங்கியில் பத்திரம் வாங்கி, பெயர் வெளிவராமல் கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்க வழிசெய்து, 2018 முதல் 2024 வரை நடைமுறையில் இருந்த தேர்தல் பத்திரத் திட்டமே இதற்கு என் சான்று.

அந்தத் திட்டம் எதைக் கலைத்தது என்று அறிய, அதற்கு முன் இருந்ததைப் பார்க்க வேண்டும். 1957இல் டாடா இரும்பு எஃகு நிறுவனம் அரசியல் கட்சிகளுக்கு நிதி கொடுக்க வசதியாகத் தன் அமைப்பு விதிகளைத் திருத்த முனைந்தபோது, வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. சட்டத்தில் தடை இல்லாததால் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா அதை அனுமதித்தார். ஆனால் இந்தப் போக்கு ஜனநாயகத்துக்கே ஆபத்தாக முடியலாம் என்று நாடாளுமன்றத்தை எச்சரிக்கவும் தவறவில்லை. 1964இல் கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு, கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை அளிப்பதை அறவே தடுக்கச் சொன்னது. 1969இல் தடை வந்தது. 1985இல் வரம்புடன் அனுமதி திரும்பியது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காடு வரை தரலாம். எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்பதைக் கணக்கில் காட்டவும் வேண்டும். குறைகள் பல இருந்தாலும், அளவு, வெளிப்படை என இரண்டு காவல்கள் சட்டத்தில் நின்றன.

2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இரண்டையும் ஒருசேர அகற்றியது. லாபத்தோடு பிணைந்த உச்சவரம்பு போனது. ஆகவே நட்டத்தில் இயங்கும் கம்பெனியும், நன்கொடைக்கென்றே தொடங்கப்பட்ட கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்க வழி பிறந்தது. கட்சியின் பெயரைக் காட்ட வேண்டிய கடமையும் போனது. இத்தனை பெரிய மாற்றம் பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்டதால், மாநிலங்களவைக்கு அதைத் தடுக்கும் அதிகாரம் இருக்கவில்லை. ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் எழுத்து வடிவில் தெரிவித்த ஆட்சேபங்களை அரசு ஏற்கவில்லை. இவற்றைத் தொடர்ந்து, 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரையிலான தேர்தல் பத்திரங்கள் வந்தன. எளிய குடிமகனும் வாங்கலாம் என்று சொல்லப்பட்டது. விற்ற தொகையில் 90 விழுக்காட்டுக்கு மேல் 1 கோடி ரூபாய்ப் பத்திரங்களாகவே இருந்தது, இத்திட்டம் யாருக்குப் பயன்பட்டது என்பதைக் காட்டிவிடுகிறது.

இத்திட்டத்துக்கு ஆதரவாக வைக்கப்பட்ட வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. எதிர்க்கட்சிக்கு நிதி கொடுத்தவர் ஆளும் கட்சியின் பழிவாங்கலுக்கு ஆளாகக்கூடும். எனவே கொடுப்பவரின் பெயர் மறைந்திருக்க வேண்டும் என்பது அது. அச்சம் உண்மையானதுதான், ஒதுக்கிவிட முடியாது. ஆனால் யாரிடமிருந்து பெயர் மறைந்தது? பத்திரத்தை விற்றது பாரத ஸ்டேட் வங்கி மட்டுமே. அது அரசின் வங்கி. வாங்கியவர் விவரம் முழுவதும் அதனிடம் இருந்தது. நீதிமன்றம் கேட்டாலும், குற்ற வழக்குப் பதிந்து விசாரணை அமைப்பு கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்று திட்டமே சொன்னது. விசாரணை அமைப்புகளோ அரசின் கையில் இருக்கின்றன. பழிவாங்கக் கூடியவர்கள் அறிவதற்கு வாயில் திறந்திருக்க, வாக்காளருக்கு மட்டும் அது அடைபட்டிருந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இத்திட்டத்தை ஒருமனதாகச் செல்லாததாக்கியது. அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் அறியும் உரிமை மீறப்பட்டது என்பதே அதன் அடிப்படை. கம்பெனிகளின் நன்கொடை பலனை எதிர்பார்த்துச் செய்யும் வணிகப் பரிமாற்றம் என்றும் தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதினார்.

பத்திர விவரங்களை வெளியிடவும் அந்த அமர்வு உத்தரவிட்டது. அவற்றைத் தர ஜூன் 30 வரை வங்கி அவகாசம் கேட்டது, நீதிமன்றம் மறுத்தது, மார்ச்சிலேயே பட்டியல் வெளிவந்தது. முதலிடத்தில் இருந்தது கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங்: 1,368 கோடி ரூபாய். அடுத்து, அரசுப் பணிகளை எடுத்துச் செய்யும் மேகா எஞ்சினியரிங். வெளியான பட்டியலில் பாரதிய ஜனதா கட்சி மட்டும் பணமாக்கியது ஏறத்தாழ 6,060 கோடி. லாட்டரியைத் தடை செய்திருக்கும் தமிழ்நாட்டில், திராவிட முன்னேற்றக் கழகம் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அந்த லாட்டரி நிறுவனத்திடமிருந்து வந்தது என்பதை அக்கட்சியே தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவித்திருந்தது. பத்திரமே வேண்டாம் என்று நின்ற மார்க்சிஸ்ட் கட்சி வழக்கும் தொடுத்தது. அது பதிவுக்குரிய செய்தி.

இதற்கு நன்கொடை, இதற்குக் கைம்மாறு என்று எதையும் யாரும் நிரூபிக்கவில்லையே என்று கேட்பார்கள். பெரும்பாலானவற்றில் நிரூபிக்கப்படவில்லை என்பது சரியே. நாள்களை மட்டும் ஒப்பிட்டுக் குற்றம் சாட்டுவது ஆய்வாளருக்கு அழகல்ல. சிறப்பு விசாரணைக் குழு கோரிய மனுக்களையும் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் ஏற்கவில்லை. ஆனால் நிரூபணத்துக்கு வேண்டிய விவரத்தை ஆறாண்டுகள் மறைத்துவைத்த சட்டத்துக்கு, நிரூபணம் இல்லாததையே நற்சான்றாகத் தர முடியாது. அத்துடன், கைம்மாறு இருந்ததா என்ற கேள்வி நீதிமன்றத்துக்குரியது. வாக்காளருக்கு வேண்டியது அதற்கும் முந்தியது: தன் நலனுக்காகப் பேசுவதாகச் சொல்பவர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பதை வாக்களிக்கும் முன் வாக்காளர் அறிய வேண்டும். அந்த உரிமை பறிபோன கணமே தீங்கு நேர்ந்துவிட்டது. ஒப்பந்தம் எதுவும் கைமாறியிருக்க வேண்டியதில்லை.

மற்றொரு மறுப்பை 1969ஆம் ஆண்டே தருகிறது. நிறுவன நன்கொடையைத் தடுத்தபோது, மாற்று வழி எதுவும் வகுக்கப்படாததால், பணம் கணக்கில் வராத ரொக்கமாகத் திரும்பியது. பத்திரமாவது வங்கி வழியே வந்ததே என்பார்கள். முற்றான தடையை நான் கேளாததற்கு இந்த அனுபவமே காரணம். ஆனால் வங்கி வழியே வந்த பணம் வாக்காளருக்குத் தெரியாமல் வந்தால், ரொக்கத்தைவிட அது எவ்வகையில் மேலானது? இன்றும் மக்களவை வேட்பாளருக்குப் பெரிய மாநிலங்களில் 95 லட்சம் ரூபாய் செலவு வரம்பு உண்டு. அவரை நிறுத்திய கட்சிக்கு வரம்பே இல்லை. கட்சியின் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974இல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே சட்டத்தைத் திருத்தி அத்தீர்ப்பைச் செயலற்றதாக்கினார்கள். பத்திரங்கள் ஒழிந்தபின்னும் அந்தத் திருத்தத்தின் விளைவு நம்முடன் இருக்கிறது. செலவுக்கு எல்லை இல்லாதவரை, பணம் புதிய வழிகளைக் கண்டுகொண்டே இருக்கும். கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு, தேர்தலுக்கு முன்பே நன்கொடையாளர் பட்டியல், அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனங்களின் நன்கொடைக்குத் தடை ஆகிய மூன்றையும் எப்படிச் சட்டமாக்குவது, யார் கண்காணிப்பது என்பதிலிருந்து முதல் அமர்வு தொடங்க வேண்டும் எனக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.